அத்தானின் புது வால்வு

என் அக்கா கமலாசனியின் புருஷன் ஐயாத்துரையை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காத ஒருவரைப் பற்றி எழுதும்போது நடுவில் நல்லவன் வேஷம் போட எனக்கு வராது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இருபது வருடமாக முரசுமோட்டையில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம். பரந்தன் சந்தியில் எனக்குச் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் திருத்துகிற கடை இருக்கிறது. அத்தானுடைய சைக்கிளுக்குக் காற்றுப் போனால், என் கடையைத் தாண்டிக் கிளிநொச்சிவரைக்கும் உருட்டிக்கொண்டு போவார். கடைப்பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். நானும் குனிந்த தலை நிமிராமலே அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பகைக்குக் காரணம் நான் கட்டிய பிரேமிளா. அவள் பழனியாண்டியின் மகள். பழனியாண்டியின் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு ஓடிவந்து, அத்தானின் தகப்பனுடைய வயலில் கூலிக்கு நின்றவர். அத்தானின் தகப்பன் அதற்கு முந்தியே குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஒருவர் காணிக்கு வந்தார், மற்றவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார், இரண்டு பேரும் வந்தவர்கள்தானே என்று ஒருமுறை அத்தானிடம் கேட்டேன். அதற்குப் பிறகு இரண்டு போகம் என்னோடு அவர் கதைக்கவில்லை.

பழனியாண்டி வீட்டார் பன்றி சாப்பிடுவார்கள். வன்னியில் காட்டுப்பன்றி வயலுக்குள் இறங்கினால் காலையில் நெல் இருந்த இடம் உழவு அடித்தது மாதிரிக் கிடக்கும். பழனியாண்டி சுருக்கு வைத்துப் பிடிப்பார். பங்கு போட்டு எல்லோரும் சமைப்பார்கள். அத்தானின் வயலுக்குள் இறங்கிய பன்றிகளையும் அவர்தான் பிடித்தார். அதற்கு அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் நிர்வாக சபைத் தலைவராக வந்ததும், "பண்டி தின்னுற ஆக்களின்ர பானை" என்று பழனியாண்டியின் பொங்கல் பானையை வரிசையிலிருந்து எடுத்து வெளிவீதியில் வைக்கச் சொன்னார். பழனியாண்டி தலைகுனிந்து பானையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு நான் அத்தானை அடிக்கப் போனேன். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

பிரேமிளாவை அவர் வீட்டுக்கு வரவேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவ்வளவுக்குக் கெட்டிக்காரர். கல்யாணம், துடக்கு என்று அவர் வீட்டுக்குப் போனால் முன்விறாந்தையில் கதிரை போடச் சொல்வார். எங்கள் எல்லோருக்கும் சில்வர் பேணியில் தேத்தண்ணி வரும். பிரேமிளாவுக்கு மட்டும் கடையில் வாங்குகிற கடதாசிக் கோப்பையில் வரும். கேட்டால், சுகாதாரம் என்பார். சமையல் நடக்கிற குசினி வாசலை அவள் தாண்டியதே இல்லை. உதவி செய்யப் போறன் என்று ஒருமுறை எழும்பியவளை, "நீ இரு பிள்ளை, களைச்சுப்போனாய்" என்று இருத்திவிட்டார். அந்தப் "பிள்ளை"யை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்க வேண்டும்போல இருக்கும்.

போருக்குள்ளும் மனுஷன் திருந்தவில்லை. அகதிகளை அடைத்த செட்டிகுளம் முகாமில் எல்லோருக்கும் ஒரே கிடாரத்தில் சோறும் பருப்பும் வந்தது. யார் சமைத்ததோ என்று அதைத் தொடமாட்டேன் என்றார். பிடிவாதமாக மூன்று கல்லை வைத்து அக்காவைத் தனியாகக் கஞ்சி காய்ச்ச வைத்தார். விறகுக்கு அக்கா முட்கம்பி ஓரமாகச் சுள்ளி பொறுக்கித் திரிந்தாள். செத்துப் பிழைத்து வந்த இடத்திலும் ஒரு மனுஷனுக்கு இந்தக் கொழுப்பு இருக்குமா என்று நான் திட்டாத நாள் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன் ஆவேன். அந்த முகாமுக்கு வரும் வழியில், நந்திக்கடல் தண்ணீருக்குள் நடக்கமாட்டாத என் அம்மாவைத் தன் முதுகில் சுமந்து கரை சேர்த்தவர் அவர்தான். எனக்குப் பிரேமிளாவும் கைப்பிள்ளையும் இருந்தார்கள். அம்மாவையும் தூக்க என்னால் முடியவில்லை. அவர் கேளாமலே குனிந்தார். அதை அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வெறுப்பதற்கு ஒரு தடையும் இருந்திருக்காது.

போன வருடம் கோயில் வாசலில் மேளக்காரனை ஏசிக்கொண்டு நின்றவர், ஏச்சு முடியமுந்தியே மயங்கி விழுந்தார். கொஞ்சக் காலமாகவே வரம்பில் நாலடி நடந்தால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததாம். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்தபோது இருதயத்தில் இரத்தம் வெளியே போகிற வால்வு சுருங்கி ஊசித்துவாரமாகிவிட்டது என்றார்கள். மாற்றாவிட்டால் அடுத்த வருடத்தைப் பார்க்கமாட்டார்.

அவர்களுக்கு ஒரே மகள், கனடாவில் இருக்கிறாள். ஆண்கள் வாட்டில் துணைக்கு நிற்க ஆண் வேண்டும். அக்கா என் கடைக்கு வந்தாள். "தம்பி, உனக்கு அவரிலை கோவம் எண்டு எனக்குத் தெரியும். எனக்காக வா" என்றாள். கடையைப் பூட்டினேன். அம்மாவின் முகம் ஒருபக்கம், அக்காவின் முகம் ஒருபக்கம், வேறு என்ன செய்வது?

யாழ்ப்பாணத்தில் பெரிய டொக்டரைப் பார்க்கப் போன அன்றைக்கு நான் வெளியே வாங்கில் இருந்தேன். அக்காவோடு உள்ளே போன சுருக்கில் அத்தான் மட்டும் வெளியே வந்துவிட்டார். டொக்டர் வால்வில் என்னென்ன வகை இருக்கிறது என்று விளங்கப்படுத்தத் தொடங்கியிருக்கிறார். "உதெல்லாம் இவவோட கதையுங்கோ, எனக்கு நல்லதாப் பார்த்துப் போட்டால் காணும்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டாராம். தான் கையெழுத்துப் போட்டது எதற்கு என்றுகூட வாசிக்கவில்லை. கோயில் கூட்டத்தில் கணக்குக் கேட்டவனைக் குத்திக் குடைகிற மனுஷன், தன் நெஞ்சைப் பிளப்பதற்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. அக்கா உள்ளே நெடுநேரம் இருந்துவிட்டு வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. தீவிர சிகிச்சையிலிருந்து வாட்டுக்குக் கொண்டுவந்தபோது, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தவர் மறுபடி மூடிக்கொண்டார். நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நாள்தான் இரத்தச் சோதனையில், இரத்தத்தை உறையவைக்கிற பிளேட்லெட் குறைந்திருக்கிறது என்றார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் குறைந்தது. ஊசி குத்திய இடமெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் கண்டிப்போய் நின்றது. பல் தீட்டப் போனால் முரசுச் சதையில் இரத்தம் வந்தது.

அக்கா ஊருக்கு ரெலிபோனில் சொன்னதுதான் தாமதம், வன்னி முழுக்க டெங்கு வைத்தியர்கள் முளைத்தார்கள். எங்கள் பக்கத்தில் பிளேட்லெட் என்ற சொல் டெங்குக் காய்ச்சலோடு சேர்ந்தே வந்தது. அது குறைந்தால் நுளம்பு கடித்திருக்கிறது, பப்பாசி இலைச் சாறு குடிக்க வேண்டும், முடிந்தது கதை. ஆஸ்பத்திரியில் நுளம்பு வலை கட்டவில்லையா என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். பப்பாசி இலையை இடித்துப் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். டொக்டரைக் கேட்டேன். அப்படி எதையும் வாயில் வைக்கக்கூடாது, புதிதாக ஒப்பரேசன் செய்த உடம்பு, ஏற்கெனவே இரத்தத்துக்கு மருந்து போகிறது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில்தான் வினை வந்தது. வாட்டின் சின்ன டொக்டர், நல்ல பெடியன், கட்டிலில் குனிந்து பொறுமையாக விளங்கப்படுத்தினான். மெசினில் இரத்தத்தை ஓடவிட்டு இருதயத்தைத் திறந்தால் பிளேட்லெட் குறைவது வழமையாம். வேறு காரணம் ஏதும் இருக்கிறதோ என்று பார்க்க, இரத்தம் உறையாமல் போடுகிற ஊசியையும் நிறுத்தி, இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். பிறகு சொன்னான்:

"அதோட ஐயா, உங்களுக்கு வைச்சது மிருகத்தின்ர தசையில செய்த வால்வு. இந்த வகை வைச்ச ஆக்களுக்குக் கொஞ்சம் கூடவும் குறையிறது. ஒரு கிழமை, பத்து நாளில தானா ஏறும். அதுவரைக்கும் அடிபடாமல், கட்டிலை விட்டுக் கண்டபடி எழும்பாமல் இருங்கோ."

அத்தான் கேட்டார்: "என்ன மிருகம்?"

"பண்டி, ஐயா."

பெடியன் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டான். அத்தான் மேலே மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வெளியே போய், தண்ணீர்க் குழாயடியில் நின்று, கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தது குறைவு. பழனியாண்டி தலைகுனிந்து பானையைத் தூக்கிக்கொண்டு போன அன்றையிலிருந்து நெஞ்சில் கிடந்த ஒன்று கரைந்த மாதிரி இருந்தது.

சிரித்து முடிந்து உள்ளே வந்தபோது அவர் ஒரு முடிவோடு இருந்தார். பன்றி வைத்ததால்தான் குறைகிறது என்று டொக்டரே சொல்லிவிட்டாராம். உடம்பு அதை ஏற்கவில்லையாம். பிள்ளையார் ஏற்க விடவில்லையாம். டொக்டர் சொன்ன ஒரு கிழமை, பத்து நாள், தானாக ஏறும் என்ற பகுதியெல்லாம் அந்தக் காதில் ஏறவில்லை. சோறு வேண்டாம் என்றார். அக்காவைக் கூப்பிட்டு, யாருக்கும் காரணம் சொல்லாமல், கோயில் ஐயரிடம் பஞ்சகவ்வியம் வாங்கி வரச் சொன்னார். பாலும் தயிரும் நெய்யும் மாட்டுச் சாணமும் கோசலமும் கலந்தது. குடித்தால் உடம்பு சுத்தமாகுமாம்.

அக்கா அவர் சொல்லைத் தட்டிப் பழகாதவள். ஊருக்குப் போய் ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்றில் அதைக் கொண்டுவந்தாள். நடைபாதையிலேயே அவள் கையிலிருந்து பறித்துக் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். பத்து விரற்கடை நீளத்துக்கு நெஞ்சைத் திறந்து தைத்த மனுஷனுக்குச் சாணத் தண்ணீர்! கிருமி போய்ப் புது வால்வில் ஒட்டினால் கதை முடிந்தது என்று டொக்டர் எங்களுக்கு ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தார். ஊற்றிவிட்டேன் என்று அத்தானிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

அடுத்த நாள் காலையில் பிளேட்லெட் இன்னும் இறங்கியிருந்தது. அத்தான் தன் கைத்தொலைபேசியில் ஊரில் வான் ஓட்டுகிறவனைக் கூப்பிட்டார். வீட்டுக்குப் போய், கோயில் கேணியில் முழுகி, ஒரு சாந்தி செய்வித்து, பிறகு கொழும்பில் காசு கட்டி இதைக் கழற்றிவிட்டு இரும்பு வால்வு போடப்போகிறாராம். வால்வைக் கழற்றி மாட்டுவது அவருக்குச் சைக்கிள் ரியூப் மாற்றுகிற வேலை. சின்ன டொக்டர் கெஞ்சிப் பார்த்தான். பெரிய டொக்டர் வந்தார். இந்த நிலையில் வான் வண்டியில் குலுங்கிக்கொண்டு போனால் உள்ளே இரத்தம் கசியலாம், நெஞ்சைச் சுற்றித் தேங்கினால் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வரவும் நேரம் இருக்காது என்று அக்காவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். அத்தான் கேட்டது ஒன்றுதான். "எங்க கையெழுத்து வைக்கவேணும்?"

அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அழவில்லை. சீலைத் தலைப்பைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள். அத்தான் செத்தால் எனக்கு ஒரு நட்டமுமில்லை என்று எத்தனையோ தடவை நினைத்தவன் நான். ஆனால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. புத்தி சொல்லி அவரைத் திருத்தலாம் என்று நான் நினைக்கவில்லை. அன்பாகப் பேசவும் எனக்கு அவரிடம் அன்பு இல்லை. என்னிடம் இருந்தது பகை மட்டும்தான். அதை எடுத்தேன்.

டொக்டர்கள் விலகியதும் திரையை இழுத்துவிட்டு, அவர் காதுக்குக் கிட்டப் போனேன்.

"அத்தான், தாராளமாப் போங்கோ. நான் மறிக்கமாட்டன். ஆனால் வான் ஆனையிறவு தாண்டமுந்தி ஊரில ஒவ்வொரு வீட்டுக்கும் ரெலிபோன் எடுப்பன். உங்கட நெஞ்சுக்குள்ள பண்டி இருக்குதெண்டு சொல்லுவன். முதல் சொல்லுறது பழனியாண்டி மாமாவுக்கு. இஞ்ச கிடந்து, ஏறி முடிய, டொக்டர் போகச் சொல்லுற அண்டைக்குப் போனியளெண்டால், என்ர வாயில இருந்து ஒரு சொல் வராது."

"நீ என்னை வெருட்டிறியோ?"

"ஓம். வெருட்டிறன்."

வெகுநேரம் என்னை முறைத்துக்கொண்டிருந்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. சாவுக்குப் பயப்படாத மனுஷன், ஷெல்லுக்கும் பயப்படாதவர், ஊர் வாய்க்குப் பயந்தார். தொலைபேசியை எடுத்து வான்காரனிடம் இப்போது வேண்டாம் என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானம் வந்த சோற்றைத் தின்றார்.

அதற்குப் பிறகு அந்த வாட்டில் நாங்கள் இருவரும் இருந்த இருப்பைப் பார்த்த மற்ற நோயாளிகள், இவர்கள் ஊமைகளோ என்று நினைத்திருப்பார்கள். நான் முகம் துடைத்துவிடுவேன், அவர் கண்ணை மூடிக்கொள்வார். சட்டியை வைப்பேன், எடுப்பேன். காலையில் இரத்தம் எடுக்க வருபவளுக்குப் பொலிஸ்காரனிடம் கைவிலங்குக்கு நீட்டுவதுபோலக் கையை நீட்டுவார். ஒரு நாள் எண்ணிக்கை இறங்காமல் நின்றது. அடுத்த நாள் கொஞ்சம் ஏறியது. பிறகு ஒவ்வொரு நாளும் ஏறியது. நிறுத்திய ஊசியிலும் பழுதில்லை என்று சோதனை முடிவு வந்தது. வால்வு நன்றாக வேலை செய்கிறது என்றார்கள். பெடியன் சிரித்துக்கொண்டு வந்து, ஐயா இனிச் சரி என்றான்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிற அன்று, மருந்துக்குக் காத்து நின்றபோது அக்காவிடம் கேட்டேன். பன்றி வால்வு என்று அவருக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாமே டொக்டர்கள் என்று.

அக்கா மெதுவாகச் சொன்னாள். "சொன்னவை. என்னட்டைச் சொன்னவை. அவர்தானே என்னோட கதைக்கச் சொல்லி எழும்பிப் போனவர். இரும்பு எண்டால் சாகுமட்டும் இரத்தம் இளகிற குளிசை போடவேணுமாம், மண்வெட்டி பட்டாலும் இரத்தம் நிக்காதாம். இந்த மனுசன் வயலுக்கு இறங்காமல் இருக்குமோ? தசையில செய்தது எண்டால் அந்தக் குளிசை காலம் முழுக்கத் தேவையில்லையாம். என்ன தசை எண்டு கேட்டன். பண்டி எண்டார். வையுங்கோ எண்டு சொல்லிப்போட்டன்."

"அவருக்கு ஏன் சொல்லேல்லை?"

"அவர் கேட்டவரே? முப்பத்தெட்டு வருசமா அவர் என்னட்டை ஒண்டும் கேட்டதில்லை."

என் அக்காவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல இருந்தது.

ஊருக்கு வந்த பிறகு அத்தான் ஒரு கதை கட்டினார். வைத்தது அமெரிக்காவில் செய்த இரும்பு வால்வாம், துருப்பிடிக்காதாம். நோய் பார்க்க வந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டிருக்கும். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். வெளியே சொல்லவில்லை. பிரேமிளாவிடம் மட்டும் சொன்னேன். அவள் என்னைப்போலச் சிரிக்கவில்லை. நோயாளியைப் பார்க்கப் போகவேண்டும், முறை என்று ஒன்று இருக்கிறது என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். விறாந்தையில் அத்தான் சாய்மனைக் கதிரையில் இருந்தார். கோயில் செயலாளர் வீரகத்தியரும் சபைக்காரர் இரண்டு பேரும் சுற்றி இருந்தார்கள். திருவிழாக் கதை நடந்துகொண்டிருந்தது. பிரேமிளா வணக்கம் சொல்லி, வாங்கிவந்த தோடம்பழத்தை மேசையில் வைத்தாள். அத்தான் தலையை அசைத்து, வழமைபோல வாசலோரக் கதிரையைக் காட்டினார்.

குசினிக்குள்ளிருந்து அக்கா கூப்பிட்டாள். "பிரேமிளா, அதில இருக்காதை. உள்ள வா. எனக்குத் தேங்காய் துருவ ஆளில்லை."

பிரேமிளா என்னைப் பார்த்தாள். சபைக்காரர் அத்தானைப் பார்த்தார்கள். அத்தானின் கழுத்து நரம்பு புடைத்தது. "கமலாசனி" என்றார். இரண்டாம் தடவை கூப்பிட வைக்காத குரல் அது. அந்தக் குரலுக்குத்தான் அக்கா முட்கம்பி ஓரம் சுள்ளி பொறுக்கினாள்.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. பெண்சாதி கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள்.

"ஏனப்பா, நெஞ்சுக்கை ஏதும் செய்யுதோ? உள்ளுக்கை என்ன வைச்சிருக்கு, ஏன் பிளேட்லெட் குறைஞ்சது எண்டு டொக்டர் சொன்னதை நான் இவையளுக்கும் ஒருக்கா விளங்கப்படுத்தட்டோ?"

வீரகத்தியர் ஆவலாகத் திரும்பினார். சொல்லுங்கோ, எங்களுக்கும் அறியவேணும் என்றார். அத்தான் அக்காவைப் பார்த்தார். நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்து என்னைப் பார்த்தார். பிறகுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும், அக்காவுக்குத் தெரிந்தது என்னால் அல்ல என்று. நிலத்தைப் பார்த்தபடி, ஒன்றுமில்லை, திருவிழாக் கதையைச் சொல்லுங்கள் என்றார்.

பிரேமிளா எழும்பி, கட்டிய இருபது வருடத்தில் முதன்முறையாக அந்தக் குசினிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் துருவலை உரசுகிற சத்தம் கேட்டது. அத்தான் பொய்க்குக்கூடச் சிரிக்கவில்லை. அவர் மனம் மாறிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது பழைய வெறுப்பேதான், அது வெளியே வருகிற கதவு மட்டும் பூட்டியிருந்தது.

திரும்பி வரும்போது வாய்க்கால் கரையில் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டினேன். பின்னால் இருந்த பிரேமிளாவின் கையில் தேங்காய்ப்பால் மணந்தது. அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பண்டி வால்வு எத்தினை வருசத்துக்கு உழைக்குமாம்?" என்று கேட்டாள்.

"பத்து, பதினைஞ்சு வருசம் எண்டு டொக்டர் சொன்னவர்."

"சரி" என்றாள். "அதுவரைக்கும் நான் அந்தக் குசினிக்குப் போவன்."